“நாங்கள் தளம் மட்டும்தான்” என்று கைவிரிக்கும் ஆன்லைன் நிறுவனத்திடம் பணத்தைத் திரும்ப வாங்குவது எப்படி?

கேள்வி இது: பெரிய ஆன்லைன் தளம் ஒன்றில் 24,000 ரூபாய்க்கு போன் ஆர்டர் செய்தவருக்குப் பெட்டிக்குள் துணி சோப்பு வந்திருக்கிறது. புகார் கொடுத்தார். மூன்று நாள் கழித்து “விசாரித்தோம், சரியான பொருள்தான் டெலிவரி ஆகியிருக்கிறது” என்று மூடிவிட்டார்கள். மேலே கேட்டால் “விற்றது வேறொரு விற்பனையாளர், நாங்கள் இடையில் இருக்கும் தளம் மட்டுமே” என்கிறார்கள். பணம் திரும்பி வர வழி இருக்கிறதா? இவ்வளவு பெரிய கம்பெனி ஏன் இப்படி நடந்துகொள்கிறது?

வழி இருக்கிறது. ஆனால் இரண்டாவது கேள்விக்கு முதலில் பதில் தெரிந்தால்தான் புகாரைச் சரியாக எழுத முடியும். அந்த “தளம் மட்டுமே” என்ற வாசகம் கஸ்டமர் கேரில் உட்கார்ந்திருப்பவர் வாய்க்கு வந்தபடி சொல்வதில்லை. கம்பெனியின் அமைப்பே அதன்மேல்தான் நிற்கிறது.

இந்தியாவில் அந்நிய முதலீடு உள்ள மின்வணிக நிறுவனம் தானே சரக்கு வாங்கிவைத்து மக்களுக்கு நேரடியாக விற்கக் கூடாது. 2016இல் வந்த மத்திய அரசின் பத்திரிகைக் குறிப்பு 3 (அந்நிய முதலீட்டுக் கொள்கையை அறிவிக்கும் ஆவணம்), பிறர் விற்க இடம் தரும் சந்தைத்தளத்துக்கு மட்டும் 100 சதவீத அந்நிய முதலீட்டை அனுமதித்தது. ஆகவே அமேசானும், 2018 முதல் வால்மார்ட் வசம் உள்ள ஃபிளிப்கார்ட்டும் காகிதத்தில் கடைக்காரர்கள் இல்லை, கடைவீதியை வாடகைக்கு விடுபவர்கள். தளத்தில் பொருள்கள் காட்டப்படும் வரிசை, கிடங்கு, பேக்கிங், டெலிவரி, பணம் வாங்குவது, ரிட்டர்னை ஏற்பதா வேண்டாமா என்பது எல்லாம் பெரும்பாலும் அவர்கள் கையில். பில்லில் இருக்கும் பெயர் மட்டும் வேறு யாருடையதோ.

அந்த வேறு யாரோவும் சில நேரம் சொந்தக்காரராகவே இருந்தார். கிளவுட்டெயில் என்ற விற்பனை நிறுவனத்தை நினைவிருக்கலாம். நாராயண மூர்த்தியின் கேட்டமரான் நிறுவனமும் அமேசானும் கூட்டாக நடத்தியது. தளத்தின் குழும நிறுவனம் பங்கு வைத்திருக்கும் விற்பனையாளர் அதே தளத்தில் விற்கக் கூடாது என்று 2018இன் பத்திரிகைக் குறிப்பு 2 சொன்னது; 2019 பிப்ரவரி 1 முதல் அது நடைமுறைக்கு வந்தது. உடனே அமேசானின் பங்கு 49 சதவீதத்திலிருந்து 24 சதவீதமாகக் குறைக்கப்பட்டு, விற்பனை தொடர்ந்தது. 2022 மே மாதத்தோடுதான் அந்தக் கூட்டு முடிந்தது. இதற்கிடையே, குறிப்பிட்ட சில விற்பனையாளர்களுக்கு முன்னுரிமை தருவதாக வந்த புகாரில் இந்தியப் போட்டி ஆணையம் 2020 ஜனவரியில் இரண்டு தளங்கள் மீதும் விசாரணைக்கு உத்தரவிட்டது. நிறுவனங்கள் குற்றச்சாட்டை மறுக்கின்றன. சட்டப்படி சரியா தவறா என்பது ஒருபுறம் இருக்கட்டும். லாபம் வரும்போது கடைக்காரர், பொறுப்பு வரும்போது இடைத்தரகர் என்ற இரட்டை வேடத்துக்கு இது வசதியான மேடை.

இந்த வாதம் எல்லா இடத்திலும் செல்லுபடியாகவில்லை என்பதற்கு 2022 ஆகஸ்டில் வந்த பிரஷர் குக்கர் உத்தரவு நல்ல சான்று. தர முத்திரைக் கட்டாயம் 2021 பிப்ரவரி 1 முதல் அமலில் இருந்தும், தரம் இல்லாத குக்கர்கள் அமேசானில் விற்றன. விற்ற 2,265 குக்கர்களையும் வாங்கியவர்களுக்குத் தகவல் சொல்லி, குக்கரைத் திரும்ப வாங்கி, பணத்தைக் கொடுக்கும்படி அமேசானிடம் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் சொன்னது. ஒவ்வொரு விற்பனையிலும் கட்டணம் வாங்கிக்கொண்டு, பிரச்சினை வந்தால் எனக்குச் சம்பந்தமில்லை என்று விலக முடியாது என்பது ஆணையம் எடுத்த நிலை. அந்தக் குக்கர்களால் நிறுவனத்துக்கு வந்த கட்டணம் 6,14,825 ரூபாய். விதித்த அபராதம் 1 லட்சம். அதே மாதம் ஃபிளிப்கார்ட்டுக்கும் 598 குக்கர்களுக்காக அதே 1 லட்சம். வந்த கட்டணத்தைவிட அபராதம் குறைவாக இருந்தால் யார் பயப்படுவார்கள் என்று கேட்கத் தோன்றும். 2025 மார்ச்சில் இந்தியத் தர அமைவனம் திருவள்ளூர் மாவட்டத்தில் உள்ள இதே இரு நிறுவனங்களின் கிடங்குகளில் சோதனை போட்டபோதும் தர முத்திரை இல்லாத பொருள்களைக் கைப்பற்றியது. ஆக, அபராதத்தை நம்பிப் பயனில்லை. ஆனால் உத்தரவில் உள்ள தர்க்கம் உங்கள் 24,000 ரூபாய்க்கு உதவும்.

இப்போது உங்கள் பெட்டிக்கு வருவோம்.

முதலில், அந்த “விசாரணை” ஏன் எப்போதும் ஒரே முடிவைத் தருகிறது? அவர்கள் பார்ப்பது தங்கள் பதிவுகளை மட்டும்: கிடங்கிலிருந்து கிளம்பியபோது பார்சலின் எடை, வழியில் எங்காவது எடை மாறியதா, டெலிவரியில் ஓடிபி சொல்லப்பட்டதா. சோப்பைத் திருடன் சும்மா வைப்பதில்லை, எடை ஒத்துப்போகத்தான் வைக்கிறான். எடை பொருந்தும், ஓடிபி பொருந்தும், கோப்பு மூடப்படும். நீங்கள் அனுப்பிய படத்தை யாராவது திறந்து பார்த்தார்களா என்பதே சந்தேகம். இன்னொரு பொறியும் உண்டு. ரிட்டர்ன் ஏற்றுக்கொள்ளப்பட்டு பிக்கப்புக்கு ஆள் வருவார். அவர் கையில் உள்ள செயலி “போனை வாங்கு, ஐஎம்இஐ எண்ணைச் சரிபார்” என்று சொல்லும் (ஐஎம்இஐ என்பது ஒவ்வொரு போனுக்கும் உள்ள தனி அடையாள எண்). உங்களிடம் இருப்பது சோப்பு. அவர் “பொருள் பொருந்தவில்லை” என்று அழுத்திவிட்டுப் போவார். அதோடு ரிட்டர்ன் ரத்து. அதனால் புகாரின் வகையைத் தேர்வு செய்யும்போது “பழுதான பொருள்” என்று போடாதீர்கள். “வேறு பொருள் வந்தது” அல்லது “பெட்டியில் பொருள் இல்லை” என்பதைத் தேடிப் போடுங்கள்.

அந்த டெலிவரி பையனிடம் சண்டை போடுவதில் ஒரு பயனும் இல்லை. பெரும்பாலும் அவர் கம்பெனியின் ஊழியரே கிடையாது. ஒப்பந்தக்காரரிடம் பார்சலுக்கு இவ்வளவு என்று வேலை பார்ப்பவர். கிடங்குக்குள்ளும் நிலைமை பெரிய மாற்றமில்லை. 2024இல் ஹரியானாவின் மானேசரில் உள்ள அமேசான் கிடங்கில், இலக்கு முடியும்வரை தண்ணீர் குடிக்கவோ கழிப்பறைக்கோ போகமாட்டோம் என்று தொழிலாளர்களை உறுதிமொழி எடுக்கவைத்ததாகச் செய்தி வந்து, தேசிய மனித உரிமை ஆணையம் தானாக முன்வந்து விசாரித்தது. அமேசான் அதைத் தனிப்பட்ட ஒரு சம்பவம் என்றது. விற்பனைப் பொறுப்பை விற்பனையாளர் மேல் தள்ளுகிற அதே முறைதான் வேலைப் பொறுப்பை ஒப்பந்தக்காரர் மேலும் தள்ளுகிறது.

இன்றைக்கே செய்ய வேண்டியது சான்றுகளைப் பத்திரப்படுத்துவது. பெட்டி, உள் அட்டை, டேப், சோப்பு எதையும் எறியாதீர்கள். பெட்டியின் ஆறு பக்கமும் படம் எடுங்கள். லேபிளில் உள்ள பார்சல் எண்ணும் எடையும் படிக்கும்படி இருக்க வேண்டும். மளிகைக் கடை மின்தராசில் மொத்தத்தையும் வைத்து, எண் தெரியப் படம் எடுங்கள். பிரித்தபோது எடுத்த வீடியோ இருந்தால் மூலக் கோப்பை அப்படியே வைத்திருங்கள். வாட்ஸ்அப்பில் அனுப்பிய பிரதி சுருங்கிப்போகும், எடுத்த நேரம் பற்றிய விவரமும் போய்விடும். வீடியோ இல்லையென்றால் வழக்கே இல்லை என்று கஸ்டமர் கேரில் சொல்வார்கள். சட்டத்தில் அப்படி ஒரு நிபந்தனை கிடையாது. இருந்தால் வேலை சுலபம், அவ்வளவே. செயலியில் உள்ள சாட் உரையாடல்களை நேரத்தோடு ஸ்கிரீன்ஷாட் எடுங்கள், சில நாளில் பழையவை மறைந்துவிடக்கூடும். போனில் பேசினால், பேசி முடித்ததும் “இத்தனை மணிக்குப் பேசினேன், இன்னது சொன்னீர்கள்” என்று ஒரு மின்னஞ்சல் அனுப்பிவிடுங்கள். பதில் வராவிட்டாலும் அதுவே ஆவணம்.

போன் வாங்கியவர்களுக்கு மட்டும் கிடைக்கும் ஒரு பிடி இருக்கிறது, பலர் அதைத் தவறவிடுகிறார்கள். போனின் வெளிப்பெட்டியிலோ பில்லிலோ ஐஎம்இஐ எண் இருக்கும். அதை எடுத்துக்கொண்டு அந்த பிராண்டின் சர்வீஸ் சென்டரில் வாரண்டி எப்போது தொடங்கியது என்று கேளுங்கள். நீங்கள் பெட்டி வாங்குவதற்கு முன்பே அந்த போன் வேறெங்கோ இயக்கத்துக்கு வந்திருந்தால், “சரியான பொருளை டெலிவரி செய்தோம்” என்ற பேச்சு அங்கேயே விழுந்துவிடும். காவல் நிலையத்தில் புகார் கொடுத்து, புகாரைப் பெற்றுக்கொண்டதற்கான சிஎஸ்ஆர் ரசீது வாங்கிவிடுங்கள். எஃப்ஐஆர் போட மறுத்தாலும் சிஎஸ்ஆர் கிடைக்கும். புகார் நகலும் பில்லும் இருந்தால் மத்தியத் தொலைத்தொடர்புத் துறையின் சஞ்சார் சாத்தி தளத்தில் அந்த ஐஎம்இஐயை முடக்கக் கோரலாம். பொய்ப் புகார் கொடுக்கிறவர் போலீஸ் ஸ்டேஷன் படி ஏறமாட்டார் என்பதால், பிறகு நுகர்வோர் ஆணையத்தில் இந்த ரசீதுக்கு நல்ல எடை உண்டு.

அடுத்து, கஸ்டமர் கேரோடு பேசுவதை நிறுத்துங்கள். 2020 ஜூலையில் வந்த நுகர்வோர் பாதுகாப்பு மின்வணிக விதிகளின்படி ஒவ்வொரு தளமும் குறைதீர் அலுவலர் ஒருவரை நியமித்து, அவர் பெயரையும் தொடர்பு விவரத்தையும் தளத்தில் காட்ட வேண்டும். பெரும்பாலும் பக்கத்தின் அடியில், நிபந்தனைகளுக்குள் புதைந்திருக்கும். புகார் கிடைத்த 48 மணி நேரத்துக்குள் அவர் ஒப்புகை தர வேண்டும், ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். புகார் எண்ணும் தர வேண்டும். அந்த அலுவலருக்கு மின்னஞ்சல் அனுப்பும்போது கதை எழுதாதீர்கள். ஆர்டர் எண், தேதி, தொகை, வந்தது என்ன, இதுவரை கிடைத்த பதில் என்ன. பிறகு மூன்று கோரிக்கைகள். ஒன்று, முழுத் தொகையையும் பணம் கட்டிய வழியிலேயே திருப்பித் தர வேண்டும். இரண்டு, கிடங்கிலிருந்து என் வீடுவரை ஒவ்வொரு இடத்திலும் பதிவான பார்சல் எடையையும், விசாரணை அறிக்கையையும் தர வேண்டும். மூன்று, விதி 5இன்படி விற்பனையாளரின் தலைமையக முகவரி, கிளை முகவரிகள், மின்னஞ்சல் ஆகியவற்றைத் தர வேண்டும். இந்த மூன்றாவது முக்கியமானது. வாங்கியவர் எழுத்தில் கேட்டால் இந்த விவரத்தைக் கொடுப்பது தளத்தின் கடமை. கொடுத்தால் வழக்கில் சேர்க்க முகவரி கிடைக்கும், கொடுக்காவிட்டால் விதிமீறல் ஒன்று கூடும்.

தளம் இடைநிலையர் (விற்பவருக்கும் வாங்குபவருக்கும் இடையில் இருப்பவர் மட்டுமே) என்ற சட்டப் பாதுகாப்பைக் கோர வேண்டுமானால், தகவல் தொழில்நுட்பச் சட்டம் 79ஆம் பிரிவின் நிபந்தனைகளைக் கடைப்பிடித்திருக்க வேண்டும் என்று அதே விதி 5 சொல்கிறது. விற்பனையாளருக்கும் தப்பிக்கும் வழி இல்லை: விவரிப்புக்கு ஒத்துவராத, பழுதான, போலியான பொருளைத் திரும்ப வாங்கவோ பணம் தரவோ மறுக்கக் கூடாது என்கிறது விதி 6. “இந்தப் பொருளுக்கு ரிட்டர்ன் கிடையாது, மாற்று மட்டும்தான்” என்ற குறிப்பு அதை ரத்துசெய்துவிடாது. மின்னஞ்சலில் இந்த இரண்டு விதிகளையும் ஒரு வரி குறிப்பிடுங்கள். வார்ப்புரு பதில் அனுப்புகிறவர் கையிலிருந்து சட்டப் பிரிவு மேசைக்குக் கோப்பு நகர்வதற்கு அந்த ஒரு வரி போதும்.

கூடவே பணம் கட்டிய பக்கத்திலிருந்தும் நெருக்குங்கள். கிரெடிட் கார்டு என்றால், வங்கியிடம் “ஆர்டர் செய்த பொருளுக்குப் பதில் வேறு பொருள் வந்தது” என்ற காரணத்தோடு எழுத்தில் பரிவர்த்தனையை மறுத்துப் பதிவு செய்யுங்கள். கார்டு நிறுவனங்களின் காலக்கெடு பொதுவாக 120 நாள் வரை இருக்கும்; ஆனால் தளத்தின் பதிலுக்குக் காத்திருந்தே அந்த நாள்களைப் பலர் தொலைத்துவிடுகிறார்கள். இஎம்ஐயில் வாங்கியவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். “நோ காஸ்ட்” என்று போட்டிருந்தாலும் வட்டிமேல் 18 சதவீதம் ஜிஎஸ்டியும் பிராசசிங் கட்டணமும் பிடிப்பார்கள், ரீஃபண்டில் அவை பெரும்பாலும் திரும்பி வராது. ரீஃபண்ட் வந்தாலும் இஎம்ஐ தானாக நின்றதா என்று வங்கியில் கேட்டு உறுதிசெய்யுங்கள். தளத்தின் வாலட்டில் தருகிறோம் என்றால் ஒப்புக்கொள்ளாதீர்கள். அது மறுபடியும் அங்கேயே செலவழிக்க வைக்கும் பணம்.

குறைதீர் அலுவலரிடமிருந்து உருப்படியான பதில் இல்லையென்றால் 1915. தேசிய நுகர்வோர் உதவி எண், தமிழிலும் பேசலாம். 8800001915 என்ற வாட்ஸ்அப் எண்ணும் உண்டு. இதற்கு உத்தரவு போடும் அதிகாரம் இல்லை என்பதைத் தெரிந்துகொண்டே போங்கள். புகாரை நிறுவனத்தில் இதற்கென்றே உள்ள குழுவுக்கு அனுப்புவார்கள். பெரிய தளங்கள் இந்த வழியாக வரும் புகாரைச் சாதாரண புகார்போல் நடத்துவதில்லை; நிறைய பேருக்கு இங்கேயே பணம் வந்துவிடும். இங்கும் “விற்பனையாளரைக் கேளுங்கள்” என்று பதில் வந்து கோப்பு மூடப்பட்டால், அந்தப் பதிலைச் சேமித்துக்கொண்டு அடுத்த படிக்குப் போங்கள்.

ஒரு எச்சரிக்கை: கஸ்டமர் கேர் எண்ணைக் கூகுளில் தேடாதீர்கள். மோசடிக்காரர்கள் போலி எண்களைப் போட்டு வைத்திருக்கிறார்கள். ரீஃபண்டுக்காக ஸ்கிரீன் பகிரும் செயலி ஏற்றச் சொன்னாலோ யூபிஐ பின் கேட்டாலோ துண்டித்துவிடுங்கள். பணம் போய்விட்டால் உடனே சைபர் குற்ற உதவி எண் 1930.

கன்ஸ்யூமர் கோர்ட் என்றாலே வக்கீல், வருடக்கணக்கு என்று பயப்படுகிறார்கள். வருடக்கணக்கு என்ற பயம் முழுக்கப் பொய்யில்லை. எதிர்த்தரப்புக்கு நோட்டீஸ் கிடைத்ததிலிருந்து 3 மாதம், ஆய்வகச் சோதனை தேவைப்பட்டால் 5 மாதம் என்று சட்டம் சொன்னாலும், நடப்பில் அதைவிட நீளும். ஆனால் செலவு நினைப்பதைவிடக் குறைவு. பொருளுக்குக் கொடுத்த விலை 5 லட்சம் வரை இருந்தால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் கட்டணமே கிடையாது. கேட்கும் நஷ்டஈடு இந்தக் கணக்கில் வராது, கொடுத்த விலை மட்டும்தான். வக்கீல் கட்டாயமில்லை. நீங்கள் குடியிருக்கும் அல்லது வேலை பார்க்கும் மாவட்டத்திலேயே தாக்கல் செய்யலாம் என்று 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 34ஆம் பிரிவு சொல்கிறது. “வழக்கு பெங்களூரில்தான்” என்று நிபந்தனைப் பக்கத்தில் எழுதிவைத்திருந்தால் பொருட்படுத்தாதீர்கள். நடுவர் மன்றத்துக்குத்தான் போக வேண்டும் என்ற ஷரத்தும் நுகர்வோரைக் கட்டிப்போடாது. எம்மார் எம்ஜிஎஃப் வழக்கில் 2018இலேயே உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாக்கிவிட்டது. பிரச்சினை எழுந்த நாளிலிருந்து 2 ஆண்டுக்குள் தாக்கல் செய்ய வேண்டும்.

தாக்கலுக்கு முன் ஒரு நோட்டீஸ் அனுப்புங்கள். நீங்களே கையெழுத்திட்டு அனுப்பலாம். 15 நாள் அவகாசம் கொடுங்கள். 2025 செப்டம்பர் முதல் பதிவுத் தபால் ஸ்பீடு போஸ்ட்டோடு இணைக்கப்பட்டுவிட்டது. எனவே தபால் நிலையத்தில் ஸ்பீடு போஸ்ட்டில் பதிவும் டெலிவரிச் சான்றும் சேர்த்துக் கேளுங்கள். பில்லில் உள்ள விற்பனையாளருக்கும், தளத்தை நடத்தும் கம்பெனியின் பதிவு அலுவலகத்துக்கும் தனித்தனியாகப் போக வேண்டும். தளத்தின் பெயரும் கம்பெனியின் பெயரும் ஒன்றாக இருக்காது, கவனியுங்கள். அமேசான் என்றால் அமேசான் செல்லர் சர்வீசஸ் பிரைவேட் லிமிடெட். ஃபிளிப்கார்ட் என்றால் ஃபிளிப்கார்ட் இன்டர்நெட் பிரைவேட் லிமிடெட். வெறும் தளத்தின் பெயரைப் போட்டுத் தாக்கல் செய்த மனு, சரியான தரப்பு இல்லை என்ற ஆட்சேபத்திலேயே சில வாய்தா தின்றுவிடும்.

மனுவை நுகர்வோர் ஆணையங்களுக்கான இ-ஜாக்ரிதி இணையதளத்தில் ஏற்றலாம். தேதிவாரிப் பட்டியல், மனு, பிரமாணப் பத்திரம், ஆவணங்கள் என்ற வரிசையில் பக்க எண்ணோடு ஒரே பிடிஎஃப்பாக வையுங்கள். ஸ்கிரீன்ஷாட், வீடியோ போன்றவற்றுக்கு பாரதிய சாக்ஷ்ய அதிநியம் எனும் புதிய சாட்சியச் சட்டத்தின் 63ஆம் பிரிவுச் சான்றிதழை (மின்னணு ஆவணங்களுக்கான சான்று) இணைத்துவிடுங்கள். அது இல்லை என்று எதிர்த்தரப்பு கிளப்பும் வாதத்துக்கு இடம் இருக்காது. தளம், விற்பனையாளர், முகவரி தெரிந்தால் டெலிவரி நிறுவனம், மூவரையும் எதிர்த்தரப்பாகச் சேருங்கள். யாரோ ஒருவரை விட்டால் மற்றவர்கள் அவர் மேல் கை காட்டுவார்கள். எடைப் பதிவுகளையும் கிடங்கு சிசிடிவி காட்சியையும் தாக்கல் செய்ய உத்தரவிடும்படி தனியாக ஒரு இடைமனு போடுங்கள். தங்கள் பதிவை வைத்துத்தானே உங்களைப் பொய்யர் என்றார்கள்? அந்தப் பதிவு ஆணையத்தின் முன்னால் வரட்டும்.

கேட்பது நியாயமான அளவில் இருக்கட்டும். விலை, அதற்கு 9 சதவீதம் போல வட்டி, மன உளைச்சலுக்கு ஒரு தொகை, வழக்குச் செலவு. 24,000 ரூபாய் போனுக்கு 10 லட்சம் கேட்டால் மனுவின் மரியாதை குறையும். வழக்கைத் தோற்கடிக்கும் தவறு வேறொன்று: வரிச்சலுகைக்காகக் கடையின் ஜிஎஸ்டி எண்ணைக் கொடுத்து வாங்கியிருப்பது. பில் வணிகப் பெயரில் இருந்தால் “இவர் நுகர்வோரே இல்லை” என்பதுதான் எதிர்த்தரப்பின் முதல் வாதமாக இருக்கும். சுயதொழிலில் பிழைப்பு நடத்துபவருக்குச் சட்டத்தில் விலக்கு உண்டு, ஆனால் அதை நீங்கள் மனுவிலேயே சொல்லி நிரூபிக்க வேண்டும்.

மனு எண் விழுந்து நோட்டீஸ் போனதும் பெரும்பாலும் சமரசத்துக்கு அழைப்பு வரும். முழு விலையும் செலவும் தந்தால் ஏற்பதில் தப்பில்லை. “முழுத் தீர்வு” கடிதத்தில் கையெழுத்துப் போடுவதற்கு முன் பணம் கணக்குக்கு வந்துவிட்டதா என்று பாருங்கள். மனுவைத் திரும்பப் பெறுவது அதற்குப் பிறகுதான். உத்தரவு வந்தும் பணம் தராவிட்டால் 71ஆம் பிரிவில் நிறைவேற்று மனு போடலாம். 72ஆம் பிரிவில் ஒரு மாதம் முதல் மூன்று ஆண்டுவரை சிறை, அல்லது 25,000 ரூபாய் முதல் 1 லட்சம்வரை அபராதம், அல்லது இரண்டும் உண்டு. அவர்கள் மேல்முறையீட்டுக்குப் போக 45 நாள் அவகாசம். அதற்கும் உத்தரவிட்ட தொகையில் பாதியை முதலில் கட்டிவிட்டுத்தான் போக முடியும்.